ஏழாம் அத்தியாயம்: இல்லாத கணினிக்கும் கட்டிப் பார்த்தல்

2021 செப்டம்பர் முதல் வாரம். லினக்ஸ் கெர்னலின் 5.15 பதிப்புக்கு வந்த மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தன் பங்குக்குச் சின்னதாக ஒரு மாற்றம் செய்தார். கம்பைலர் தரும் எந்த எச்சரிக்கையும் இனிப் பிழையாகவே கணக்கில் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை வந்தாலும் பில்ட் நின்றுவிடும். அவருடைய கணினியில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. 64 பிட் எக்ஸ்86 பில்டில் எச்சரிக்கை வரவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய பழைய வழக்கம்.

மற்றவர்களுக்கு அப்படி அமையவில்லை. குந்தர் ரோக் என்ற மூத்த கெர்னல் நிரலாளர் பல செயலி வகைகளுக்கு வழக்கமாக நடத்திவரும் பில்ட் சோதனைகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. சில நாட்களுக்குள் விதி தளர்த்தப்பட்டது: 'கம்பைல் டெஸ்ட்' என்ற விருப்பத்தைப் போட்டுக் கட்டுபவர்களுக்கு மட்டும் அது தானாக அமலாகும், மற்றவர்கள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். விழுந்த பில்டுகளில் இருந்த எச்சரிக்கைகள் பல அன்று முளைத்தவை அல்ல. அதிகம் பேர் கட்டாத செயலி வகைகளில் நெடுநாளாகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தவை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

'என் கணினியில் கம்பைல் ஆகிறது' என்பதைச் சோதனையாகக் கொள்ள முடியாது என்று கெர்னல் உலகத்தில் சொல்வது இதனால்தான். எழுதியவரிடம் இல்லாத கணினிக்கு, அவர் தேர்ந்தெடுக்காத விருப்பங்களோடு, அவர் பயன்படுத்தாத கம்பைலரில் கட்டிப் பார்ப்பதுதான் பில்ட் சோதனை. விழுந்தால் அதைச் சரியான ஆளிடம், அவர் உடனே கையில் எடுக்கும்படி சொல்வதும் அதில் அடக்கம். ஒரு மடிக்கணினியும் அது சும்மா கிடக்கும் இரவுகளும் உள்ள ஒருவர் இந்த வேலையை எப்படித் தொடங்கலாம் என்று இந்த அத்தியாயம் பார்க்கிறது. கட்டளைகளும் விருப்பங்களும் இங்கே ஒலிப்படி தமிழில் உள்ளன. திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எதைக் கட்டாமல் விடுவது?

கெர்னலின் கான்ஃபிக் விருப்பங்கள் 15,000-ஐத் தாண்டும். பலவற்றுக்கு 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டே விடைகள். டிரைவர் போன்றவற்றுக்கு 'மாட்யூலாக வேண்டும்' என்ற மூன்றாவது விடையும் உண்டு. செயலி வகைகள் ஏறத்தாழ 20. ஜிசிசி, கிளாங் என்று கம்பைலர்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் புழக்கத்தில் பல பதிப்புகள். இவற்றைப் பெருக்கி வரும் எண்ணை எழுதிப் பார்ப்பதில் பயன் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் 'மேக் யூனிவர்ஸ்' என்ற ஒரே கட்டளை, அது ஆதரிக்கும் எல்லாச் செயலி வகைகளுக்கும் அமைப்பையும் கெர்னல்களையும் கட்டிவிடும். லினக்ஸில் அப்படி 'எல்லாம்' என்று ஒன்று கிடையாது. எதைக் கட்டாமல் விடுவது என்பதுதான் இந்த வேலையில் முதலில் எடுக்க வேண்டிய முடிவு.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். அடுத்த பதிப்புக்குத் தயாராகும் நூற்றுக்கணக்கான களஞ்சியங்களை ஒன்றாக இணைத்துப் பார்க்கும் 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' என்ற களஞ்சியத்தை 2008-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டீபன் ராத்வெல் தொடங்கினார். ஒவ்வொரு களஞ்சியத்தை இணைத்த பிறகும் அவர் கட்டிப் பார்த்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை: எக்ஸ்86-க்கு எல்லாம் மாட்யூலான கான்ஃபிக், பவர்பிசிக்கு ஒரு வழக்கமான கான்ஃபிக், 32 பிட் ஆர்முக்கு ஒன்று. நாளின் இணைப்பு முழுதும் முடிந்த பிறகே எஸ்390, ஸ்பார்க் போன்றவற்றின் முறை வரும். நடுவில் யாருடைய களஞ்சியமாவது பில்டை உடைத்தால் அதை விட்டுவிட்டு, அதன் நேற்றைய நிலையை எடுத்துக்கொண்டு மேலே போவார். யாரையும் திட்ட வேண்டியதில்லை. தன் வேலை இன்று ஊர் பார்வைக்கு வரவில்லை என்பதே உரியவருக்குப் போதுமான செய்தி.

டோர்வால்ட்ஸும் ஒவ்வோர் இணைப்புக்கும் நடுவில் எக்ஸ்86-க்கு எல்லாம் மாட்யூலான அதே கான்ஃபிக்கை ('ஆல்மாட்கான்ஃபிக்') கட்டிப் பார்ப்பவர். 2020 மே மாதம் 32 உள்ளகங்கள் கொண்ட ஏஎம்டி திரெட்ரிப்பர் கணினிக்கு மாறியபோது, இந்த பில்ட் மும்மடங்கு வேகமானதைத்தான் அவர் மகிழ்ச்சியாகக் குறிப்பிட்டார். கெர்னலை இணைப்பவரின் வேலைநாள் பில்ட் வேகத்தில் நிற்கிறது.

தொடங்குபவருக்கு நான்கு கான்ஃபிக் போதும்.

முதலாவது 'டெஃப்கான்ஃபிக்', அந்தச் செயலி வகைக்கு வழக்கமாகத் தேவைப்படுவது. சாதாரண மடிக்கணினியில் ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் முடியும். இரண்டாவது 'ஆல்நோகான்ஃபிக்': அணைக்க முடிந்ததையெல்லாம் அணைத்துவிட்டுக் கட்டுவது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதாலேயே பலர் இதை மதிப்பதில்லை, அது தவறு. பிணையம், மின்சக்தி மேலாண்மை போன்றவை இல்லாத நிலையில் ஒரு ஹெடர் கோப்பு என்ன ஆகிறது என்பதை இதைவிட மலிவாகக் காட்டும் சோதனை இல்லை. மூன்றாவது 'ஆல்மாட்கான்ஃபிக்': மாட்யூலாக முடிந்தவற்றையெல்லாம் மாட்யூலாக, மற்றவற்றை உள்ளேயே வைத்துக் கட்டுவது. மிகப் பெரிய பரப்பை ஒரே தடவையில் தொடுவது இதுதான். மடிக்கணினியில் மணிக்கணக்கில் ஓடும், பல ஜிபி இடம் பிடிக்கும், ஆகவே இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். நான்காவது 'ராண்ட்கான்ஃபிக்': விருப்பங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கட்டுவது. இதைப் பற்றிப் பிறகு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் 'ஓ=' என்ற விருப்பத்தால் தனி அடைவு கொடுத்துவிட வேண்டும். ஒரே அடைவில் எல்லாவற்றையும் கட்டினால் முந்தைய பில்டின் மிச்சம் அடுத்ததில் கலந்து, இல்லாத பிழை இருப்பதாகவும் இருக்கும் பிழை இல்லாததாகவும் தோன்றும். 'மைனஸ் கே' போட்டால் முதல் பிழையோடு நிற்காமல் முடிந்த மட்டும் கட்டிக்கொண்டே போகும். காலையில் எழுந்து பார்ப்பவருக்கு ஒரு பிழைக்குப் பதில் முழுப் பட்டியல் கிடைக்கும். 'சிகேஷ்' நிறுவினால் மாறாத கோப்புகள் மறுபடி கம்பைல் ஆகாமல் நேரம் மிச்சமாகும். ஆனால் கெர்னல் தன்னுள் பில்ட் நேரத்தைப் பதித்துக்கொள்வதால், 'கேபில்ட் பில்ட் டைம்ஸ்டாம்ப்' என்ற மாறியில் ஒரு நிலையான தேதியை வைக்காவிட்டால் சேமிப்பு பெரும்பாலும் கைகொடுக்காது.

மூன்று பழைய எதிரிகள்

பில்டை உடைப்பவை ஆயிரம் என்றாலும், சில முகங்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைத் தெரிந்துவைத்திருப்பவர் பிழைச் செய்தியின் முதல் வரியிலேயே பாதி வேலையை முடித்துவிடுவார்.

முதல் எதிரி 64 பிட் வகுத்தல். ஒருவர் தன் 64 பிட் கணினியில் உட்கார்ந்து, நானோ நொடிகளில் உள்ள ஒரு நேரத்தை இன்னொரு எண்ணால் வகுக்கிறார். சி மொழியில் ஒரு சாய்கோடு, அவ்வளவுதான். அவருடைய செயலியில் அது ஒரே கட்டளை. 32 பிட் செயலியிலோ 64 பிட் எண்ணை நேரடியாக வகுக்க வழியில்லை. கம்பைலர் அதை ஒரு துணைச் சார்பை அழைப்பதாக மாற்றிவிடும். சாதாரண நிரல்களுக்கு அந்தச் சார்பு ஜிசிசியின் துணை நூலகத்திலிருந்து வரும். கெர்னல் அந்த நூலகத்தோடு இணைக்கப்படுவதில்லை. கம்பைல் முழுக்க அமைதியாக நடந்து, கடைசிக் கட்டத்தில் லிங்கர் 'யுடிவ்டிஐ3' என்ற பெயரைக் காணவில்லை என்று நிற்கும். ஆர்மில் அதே குறை 'ஏஈஏபிஐ யுஎல்டிவ்மாட்' என்ற பெயரில் வரும்.

இந்தச் சார்பை ஏன் கெர்னலிலேயே எழுதி வைத்துவிடக் கூடாது என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. வேண்டுமென்றே வைக்கவில்லை. 32 பிட் செயலியில் இந்த வகுத்தல் விலை உயர்ந்தது. எழுதுபவர் தெரிந்தே 'டிவ் யு64' போன்ற சார்பைப் பெயர் சொல்லி அழைக்கட்டும் என்பது கெர்னல்காரர்களின் நிலைப்பாடு. பில்ட் உடைவதே இங்கே காவல். அந்தக் காவல் வேலை செய்ய யாராவது 32 பிட்டுக்குக் கட்டிப் பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது எதிரி, கேட்காமலே வந்து சேர்ந்த ஹெடர். நினைவகம் ஒதுக்கும் 'கேஇசட்அலாக்' சார்பைப் பயன்படுத்தும் கோப்பு 'ஸ்லாப்.எச்' ஹெடரைச் சேர்க்க வேண்டும். எழுதியவர் மறந்துவிடுகிறார். எக்ஸ்86-இல் வேறு ஏதோ ஹெடர், அதற்குள் இன்னொன்று என்று சுற்றி வளைத்து அது எப்படியோ உள்ளே வந்துவிடுவதால் பிழை தெரிவதில்லை. வேறொரு செயலி வகையில் அந்தச் சுற்று வழி இல்லை. சார்பு அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் நிறுத்துகிறது. திருத்தம் ஒரே வரி. கண்டுபிடிக்கத்தான் வேறு செயலி வேண்டும்.

மூன்றாவதுதான் ருசியானது. 'அ' என்ற டிரைவர், 'ஆ' என்ற இன்னொரு பகுதி தரும் ஒரு சார்பை அழைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 'ஆ' இல்லாவிட்டாலும் 'அ' ஓடும். அப்போது அழைப்பு வெற்றுச் சார்பாகிவிடும்படி ஹெடரில் ஏற்பாடு இருக்கிறது. இரண்டும் உள்ளே கட்டப்பட்டால் சரி. இரண்டும் மாட்யூல் என்றாலும் சரி. 'அ' உள்ளேயும் 'ஆ' மாட்யூலாகவும் அமைந்தால்தான் வினை: கெர்னல் இணைக்கப்படும்போது அந்தச் சார்பு அதற்குள் இல்லை, லிங்கர் கையை விரிக்கிறது. இந்தக் கூட்டு, எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டும் 'ஆல்யெஸ்கான்ஃபிக்'கிலும் வராது, 'ஆல்மாட்கான்ஃபிக்'கிலும் வராது. எத்தனை ஆண்டு கட்டினாலும் வராது.

திருத்தம் கான்ஃபிக் கோப்பில் ஒரு விசித்திரமான வரி: 'ஆ இருக்க வேண்டும் அல்லது ஆ இல்லாமல் இருக்க வேண்டும்' என்று அது சொல்லும். முதல்முறை படிப்பவருக்கு அர்த்தமற்ற வரியாகவே தோன்றும். ஆனால் கான்ஃபிக் மொழியில் விடைகள் மூன்று என்பதை நினைவில் கொண்டு படித்தால் பொருள் விளங்கும்: 'ஆ' மாட்யூல் என்றால் இந்த வரியின் மதிப்பும் மாட்யூல்தான், எனவே 'அ' உள்ளே போக முடியாது. 'செலக்ட்' என்ற சொல்லைப் போட்டு 'ஆ'வை வலுக்கட்டாயமாக இயக்கிவிடும் ஆசை பலருக்கு வரும். அது விருந்தாளியைப் பெயர்கூடக் கேட்காமல் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைப்பது போன்றது. 'ஆ'வுக்குத் தேவையான மற்றவை இருக்கின்றனவா என்று 'செலக்ட்' பார்ப்பதில்லை.

குலுக்கலின் பலம்

மூன்றாவது எதிரியைப் பிடிப்பது ராண்ட்கான்ஃபிக்தான். மனிதர் யாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்காத கூட்டுகளை அது கொண்டுவந்து நிறுத்தும். ஆர்ன்ட் பெர்க்மன் பல ஆண்டுகளாக ஆர்ம், எக்ஸ்86 செயலிகளுக்கு இப்படிக் குலுக்கிக் கட்டியே எண்ணற்ற திருத்தங்களை அனுப்பியவர். ராண்டி டன்லப்பின் பெயரும் கெர்னல் வரலாற்றில் இதே வகைத் திருத்தங்களில் அடிக்கடி கண்ணில் படும்.

குலுக்கலில் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் அது எந்த விதை எண்ணிலிருந்து தொடங்கியது என்பதைக் 'கேகான்ஃபிக் சீட்' என்ற பெயரில் திரையில் காட்டும். அதையும் உருவான கான்ஃபிக் கோப்பையும் சேமிக்காமல் 'விழுந்தது' என்று மட்டும் சொல்பவரின் புகாரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாறவே கூடாத விருப்பங்களை ஒரு கோப்பில் எழுதி 'கேகான்ஃபிக் ஆல்கான்ஃபிக்' மாறியில் காட்டினால் குலுக்கல் அவற்றைத் தொடாது. அங்கே முதலில் எழுத வேண்டியது, எச்சரிக்கையைப் பிழையாக்கும் அந்த 2021 விருப்பத்தை அணைக்கும் வரி. ஒரு கோப்பில் வரும் அற்ப எச்சரிக்கை அதற்குப் பின்னால் உள்ள நிஜப் பிழைகளை மறைத்துவிடக் கூடாது.

அடுத்தது செயலி வகைகள். வேறு செயலிகளுக்கான கம்பைலர்களைத் தானே கட்டிக்கொள்ள வேண்டிய காலம் போய்விட்டது. பெர்க்மன் தயாரித்த ஜிசிசி தொகுப்புகள் கெர்னலின் அதிகாரபூர்வ சர்வரிலேயே கிடைக்கின்றன. இறக்கி, விரித்து, 'ஆர்ச்' என்ற மாறியில் செயலியின் பெயரையும் 'கிராஸ் கம்பைல்' என்ற மாறியில் கம்பைலரின் முன்னொட்டையும் கொடுத்தால் போதும். எல்லாவற்றையும் இறக்க வேண்டியதில்லை. 32 பிட்டுக்கு ஆர்ம், பைட் வரிசை தலைகீழாக உள்ளதற்கு எஸ்390, கட்டமைப்பு உறுப்புகளை இரண்டு பைட் எல்லையிலேயே வைத்துவிடும் எம்68கே என்று வேறுபாடு அதிகமுள்ள மூன்றைத் தேர்ந்தெடுப்பது, ஒன்றுபோல் உள்ள பத்தைக் கட்டுவதைவிட மேல்.

கிளாங்கில் இந்தத் தொல்லையே இல்லை. ஒரே நிறுவல் பல செயலிகளுக்கும் கட்டும்; 'ஆர்ச்' மாறியோடு 'எல்எல்விஎம்=1' என்று சேர்த்தால் போதும். அதை ஒரு முறையாவது ஓட்ட வேறொரு காரணமும் உண்டு. மதிப்பு தரப்படாமலே பயன்படுத்தப்படக்கூடிய மாறிகளைப் பற்றிய ஜிசிசியின் எச்சரிக்கையை, தவறான அலறல்கள் அதிகம் என்பதால் டோர்வால்ட்ஸ் 2020 மே மாதம் அணைத்துவிட்டார். இன்று அந்த வகைப் பிழைகள் பலவற்றைப் பிடிப்பது கிளாங்தான்.

சத்தத்தைக் குறைப்பது

கட்டுவதைவிடக் கடினம், கட்டியதில் எது புதிது என்று சொல்வது. 'டபிள்யூ=1' போட்டுக் கட்டினால் கம்பைலர் கூடுதல் கண்டிப்போடு பேசும்; முழு கெர்னலுக்கும் அதைப் போட்டால் பழைய எச்சரிக்கைகளே திரையை நிரப்பிவிடும். ஆகவே மாற்றத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை கட்டி, இரண்டு பட்டியல்களிலும் வரி எண்களை நீக்கி, வரிசைப்படுத்தி ஒப்பிட வேண்டும். வரி எண்ணை நீக்காவிட்டால், கோப்பின் மேலே ஒரு வரி சேர்ந்ததற்கே கீழே உள்ள பழைய எச்சரிக்கைகள் அத்தனையும் புதியவையாக வேடம் போடும்.

இன்டெல் நடத்தும் கெர்னல் சோதனை ரோபோ இதில் நல்ல முன்மாதிரி. ஃபெங்குவாங் வூ தொடங்கிய இந்த அமைப்பு, நூற்றுக்கணக்கான நிரலாளர்களின் களஞ்சியங்களைக் கண்காணித்து, புதிய கமிட் வந்ததும் பல செயலிகளுக்குக் கட்டிப் பார்க்கிறது. அது அனுப்பும் அஞ்சலில் புதிய பிழை உள்ள வரிகளுக்கு முன்னால் மட்டும் இரட்டை அம்புக்குறி இருக்கும். எந்தக் களஞ்சியம், எந்தக் கமிட், எந்தக் கம்பைலர் பதிப்பு, எந்தக் கான்ஃபிக், அதைத் திரும்பச் செய்து பார்க்கக் கட்டளைகள் எவை என்று எல்லாம் உள்ளே இருக்கும். கீழே, பிழை வந்த இடத்தின் நிரல் வரிகளும் இருக்கும். மரியாதை வார்த்தைகள் குறைவு, தகவலில் குறையில்லை. பில்ட் புகார் எழுதும் மனிதர்களும் இந்தப் படிவத்தை அப்படியே பின்பற்றலாம்.

எந்தக் கமிட் என்று கண்டுபிடிக்க 'கிட் பைசெக்ட்' இருக்கிறது. ஒரு பதிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே 13,000 கமிட்டுகள் இருந்தால், பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போய் 14 பில்டுகளில் குற்றவாளியைத் தொட்டுவிடலாம். 'பைசெக்ட் ரன்' என்று ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட்டால் ஆள் அருகில் இருக்கவும் வேண்டாம். கம்பைல் பிழை என்றால் ஒவ்வொரு படியிலும் முழுக் கெர்னலையும் கட்டத் தேவையில்லை. பிழை உள்ள அந்த ஒரு '.ஓ' கோப்பை மட்டும் கட்டச் சொன்னால் படிக்கு ஓரிரு நிமிடம்தான். லிங்கர் பிழைக்கு அந்தச் சலுகை கிடையாது. நடுவில் வேறு காரணத்தால் பில்ட் உடைந்தால் ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேற வேண்டும். 'இந்தக் கமிட்டைத் தாண்டிப் போ' என்று அதற்குப் பொருள். வேறு எண்ணைத் திருப்பினால் சம்பந்தமே இல்லாத ஒருவர் மீது பழி விழும்.

இதே காரணத்தால்தான், பத்துப் பேட்சுகள் கொண்ட தொடரில் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் கெர்னலில் எடுபடாது. நான்காவதில் உடைந்து ஐந்தாவதில் சரியாகும் தொடர், நாளை வேறு எதையோ தேடி பைசெக்ட் செய்பவர் நடுவழியில் விழும் குழி. அனுப்பும் முன் 'கிட் ரீபேஸ்' கட்டளையோடு 'எக்செக்' விருப்பத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு கமிட்டிலும் நின்று பில்டை ஓட்டி, விழும் இடத்தில் நிறுத்திக் காட்டும்.

கட்டி முடிந்ததை ஒரு தடவை ஓட்டியும் பார்க்கலாம். க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியில், திரை இல்லாமல், சீரியல் கன்சோலுக்குச் செய்திகள் வரும்படி கெர்னலை ஏற்றினால் சில நொடிகளில் விடை தெரியும். மூலக் கோப்பு முறைமை எதுவும் கொடுக்காவிட்டால், ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் பீதியடைந்து நிற்கும். அந்தப் பீதி வரை வந்து சேர்ந்ததே, தொடக்க வேலைகளில் பெரும்பகுதி ஒழுங்காக நடந்தது என்பதற்குச் சாட்சி. பிஸிபாக்ஸ் வைத்து ஒரு சிறிய இனிட்ராம்எஃப்எஸ் செய்துகொண்டால் ஷெல் வரை போகலாம். நிஜ வன்பொருளில் இதைப் பெரிய அளவில் செய்யும் 'கெர்னல்சிஐ' 2019 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் திட்டங்களில் ஒன்று. பல ஆய்வகங்களில் உள்ள பலகைகளில் கெர்னல் ஏற்றப்பட்டு முடிவுகள் ஓரிடத்தில் சேர்கின்றன.

ரோபோவின் அஞ்சல் வந்தால்

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் அந்த அஞ்சல் வரும். முதலில் அதில் உள்ள கான்ஃபிக் கோப்பை ஒரு புதிய அடைவில் வைத்து 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' ஓட்ட வேண்டும். ஓட்டியதும் இரண்டு கோப்புகளையும் ஒப்பிட வேண்டும்: கம்பைலர் பதிப்பு வேறு என்றால் சில விருப்பங்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடும், பிழையும் அவற்றோடு மறையும், 'எனக்கு வரவில்லையே' என்ற பதில் வீணாகப் போகும். ஆகவே அஞ்சல் சொல்லும் அதே கம்பைலரை இறக்குவதே நல்லது. பிழை திரும்ப வந்த பிறகுதான் திருத்தத்தில் கை வைக்க வேண்டும்.

உடைத்த கமிட் ஏற்கெனவே மெயின்டெயினரின் களஞ்சியத்தில் ஏறியிருந்தால் திருத்தம் தனிப் பேட்சாகப் போகும். அதில் ரோபோவின் பெயரில் 'ரிப்போர்ட்டட்-பை' வரி, அஞ்சலின் முகவரியோடு 'க்ளோசஸ்' வரி, உடைத்த கமிட்டின் முதல் 12 எழுத்துகளோடு 'ஃபிக்ஸஸ்' வரி மூன்றும் சேர வேண்டும். இன்னும் ஏறவில்லை என்றால் அதே பேட்சைத் திருத்தி அடுத்த பதிப்பாக அனுப்பினால் போதும், ரோபோவின் வரி அங்கே தேவையில்லை. மொத்த பேட்சுமே ரோபோ கேட்டு எழுதியது போன்ற தோற்றத்தை அது தந்துவிடும். இந்த வேறுபாட்டை ரோபோவின் அஞ்சலே ஒரு வரியில் சொல்லிவிடுகிறது, பலர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.